‘எனக்குக் காட்டலையே ஹஜ்ரத்!’ – அடைபட்ட செய்தி ஓடைகளும் நிறுவனங்களின் பெயர்களும்

கடந்த மாதம் நமது மஹல்லாவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். ஃபஜ்ருக்குப் பின் மவுத்து, அஸருக்குப் பின் அடக்கம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்ததோடு, ஜமாஅத்தின் சமூக ஊடகப் பக்கத்திலும் காலை எட்டு மணிக்கே ஜனாஸா அறிவிப்பைப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஊரில் கடை வைத்திருக்கும் தங்கை மகனுக்குத் தனியாக ஃபோன் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. “பக்கத்தில் போட்டாச்சே, பார்த்திருப்பார்” என்று ஒருவரை நம்பி ஒருவர் இருந்துவிட்டார்கள்.

அவர் மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமாவுக்கு ஒரு பிடி மண் போட முடியாமல் போனதில் அழுதுவிட்டார். “அந்தப் பக்கத்தை நான் ஃபாலோ பண்றேன் ஹஜ்ரத். நேத்து முழுக்க ஃபோன் கையிலதான் இருந்துச்சு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் அது காட்டுச்சு” என்றார். நேற்று என்னதான் காட்டியது என்று கேட்டோம். பிரியாணி சாப்பிடும் போட்டி ஒன்று, ஒரு கிரிக்கெட் வீரரின் பழைய பேட்டி, இரண்டு கட்சிக்காரர்களின் சண்டை, நடுநடுவே சோஃபா விளம்பரம்.

அவர் பயன்படுத்திய வினைச்சொல் நம் மனதை விட்டு அகலவில்லை. “நான் பார்க்கவில்லை” என்று அவர் சொல்லவில்லை. “எனக்குக் காட்டவில்லை” என்றார். இன்று நம் பிள்ளைகள் அத்தனை பேரும் இப்படித்தான் பேசுகிறார்கள். எதைப் பார்ப்பது என்ற முடிவு நம் கையிலிருந்து எப்போது போனது?

இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. நாம் மதரஸாவில் ஓதி முடித்து, அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலம். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தால் முதலில் திறப்பது கூகுள் ரீடர். நாமே தேர்ந்தெடுத்துச் சேர்த்த நாற்பது தளங்கள் அதில் இருந்தன. தமிழ் நாளிதழ்கள், அரபுச் செய்தித் தளம் ஒன்று, நண்பர்களின் வலைப்பூக்கள். எல்லாம் ஒரே பக்கத்தில், புதியது மேலே, பழையது கீழே. படித்து முடித்ததும் ‘இனிப் படிக்க எதுவும் பாக்கி இல்லை’ என்று அதுவே சொல்லிவிடும். நாமும் எழுந்து வீட்டுக்குப் போவோம். எழுந்து போகச் சொல்கிற ஒரு செயலியை இன்றைய பிள்ளைகள் கற்பனைகூடச் செய்ய முடியாது.

இதை இயக்கிய நுட்பத்தின் பெயர் ஆர்.எஸ்.எஸ். (முகம் சுளிக்க வேண்டாம். நாக்பூருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் இராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். வேலை செய்யும் விதம் மிக எளிது. ஒவ்வொரு தளமும் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, சுருக்கம், தேதி, முகவரி ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி வாசலில் வைத்துவிடும். எந்த மென்பொருளும் வந்து அதைப் படித்துக்கொண்டு போகலாம். அனுமதி கேட்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். அந்த மூன்று எழுத்துகளுக்கு மூன்றே ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு விரிவுகள் கொடுக்கப்பட்டன என்பது பெயர் வைப்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறையைக் காட்டுகிறது!

தமிழில் எழுதியவர்கள் இந்த விஷயத்தில் பின்தங்கி இருக்கவில்லை. 2004-ல் தமிழ்மணம் வந்தது. உலகின் எந்த மூலையில் யார் தமிழில் வலைப்பூ எழுதினாலும் அங்கே ஒரே பட்டியலில் வந்துவிடும். இத்தகைய தளங்களுக்குத் ‘திரட்டி’ என்றும், அவை எடுத்துக்கொள்ளும் கோப்புக்கு ‘ஓடை’ என்றும் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஃபீட். கால்நடைக்குப் போடும் தீவனத்துக்கும் அதே சொல்தான். தீவனம் தொட்டிக்கு வரும், எவ்வளவு, எப்போது என்பதைப் போடுகிறவர் முடிவு செய்வார். ஓடைக்கு நாம்தான் நடந்து போய் வேண்டிய அளவு மொண்டுகொள்ள வேண்டும். தமிழ் வலைப்பதிவர்கள் ஓடை என்று சொன்னபோது நிஜமாகவே ஓடையாகத்தான் இருந்தது.

சமூக ஊடகங்கள் பெருகியபோது அவற்றின் ஓடைகளையும் ஒன்றாக்கும் முயற்சி இயல்பாகவே எழுந்தது. 2007-ல் யாஹூ நிறுவனம் ‘பைப்ஸ்’ என்ற ஒன்றைக் கொடுத்தது. குழாய்களை இணைப்பதுபோல் திரையில் கோடு இழுத்தே பல ஓடைகளைச் சேர்க்கலாம், வடிகட்டலாம். அதே ஆண்டு கூகுளிலிருந்து வெளியேறிய நால்வர் ‘ஃபிரெண்ட்ஃபீட்’ தொடங்கினார்கள். ஒரு நண்பர் ட்விட்டரில் எழுதியது, ஃபிளிக்கரில் போட்ட படம், யூடியூபில் விரும்பிய காணொளி, வலைப்பூவில் எழுதிய கட்டுரை எல்லாம் அங்கே ஒரே வரிசையில் வரும். இன்று உலகமே அழுத்திக்கொண்டிருக்கும் ‘லைக்’ பொத்தான்கூட ஃபேஸ்புக்கில் வருவதற்கு முன், 2007-லேயே அங்கே இருந்தது. 2009 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. நால்வரில் ஒருவரான பிரெட் டெய்லர் ஃபேஸ்புக்கின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். ஃபிரெண்ட்ஃபீட் கவனிப்பாரற்றுக் கிடந்து 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. யாஹூ பைப்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் போனது. கூகுள் ரீடர் அதற்கு முன்பே, 2013 ஜூலை 1 அன்று போய்விட்டது.

இவற்றையெல்லாம் மூடியது நுட்பக் கோளாறு அல்ல, வியாபாரக் கணக்கு. நீங்கள் பத்துக் கடைகளின் சரக்கை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டால், எந்தக் கடைக்குள்ளும் நுழைய மாட்டீர்கள். நுழையாதவரிடம் விளம்பரம் காட்ட முடியாது, அவர் எதில் எத்தனை வினாடி நின்றார் என்று குறித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே ஒவ்வொருவராகச் சுவர் எழுப்பினார்கள். 2012 ஆகஸ்டில் ட்விட்டர், வெளியார் உருவாக்கும் செயலிகளுக்கு ஒரு லட்சம் பயனாளர்கள் என்று வரம்பு வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஃபேஸ்புக்கின் கைக்குப் போயிருந்த இன்ஸ்டகிராம் தன் படங்கள் ட்விட்டருக்குள் தெரியாதபடி செய்தது. 2023 ஜனவரியில், எலான் மஸ்க்கின் கைக்கு வந்த ட்விட்டர், வெளியார் செயலிகளை அடியோடு வெட்டியது. அந்த ஆண்டே ரெட்டிட் தன் தரவுக்குக் கட்டணம் வைக்க, பலர் பயன்படுத்திய ‘அப்பல்லோ’ செயலி ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடியும் பலன் இல்லை.

இதில் நாம் முக்கியமாகக் கருதுவது பவர் வென்ச்சர்ஸ் வழக்கு. பல சமூக ஊடகங்களை ஒரே பக்கத்தில் காட்டிய சிறிய நிறுவனம் அது. பயனாளர்கள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே விரும்பிக் கொடுத்தார்கள். 2008 டிசம்பரில் ஃபேஸ்புக் வழக்குப் போட்டது. நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பிய பிறகும் உள்ளே நுழைந்தது சட்டமீறல் என்று 2016-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் சாவியை நம் தம்பியிடம் நாமே கொடுத்தாலும், வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் தம்பி உள்ளே வந்தது குற்றம் என்பதுபோல. ஃபேஸ்புக்கில் நமக்கிருப்பது சொந்த வீடல்ல என்பது அந்தத் தீர்ப்பில் நன்றாகவே தெரிந்தது.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. கதவைத் திறந்துவைத்தால் திருடனும் வருவான். ஃபேஸ்புக்கில் சாதாரண வினாவிடை போல் வந்த ஒரு செயலி வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலான தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போயிருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் திருடன் எடுத்தது நமக்கே தெரியாமல். பவர் வென்ச்சர்ஸ் எடுத்தது நாம் கேட்டு. இரண்டுக்கும் ஒரே பூட்டு என்பது வீட்டுக்காரருக்கு வசதி, அவ்வளவுதான்.

இப்போது இவர்களுடைய பெயர்களைப் பாருங்கள். அரபு ஓதியவர்களுக்கு ஒரு சொல்லைக் கண்டால் அதன் மூலத்தைத் தேடாமல் இருக்க முடியாது.

ஃபேஸ்புக் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கொடுத்த, படமும் பெயரும் அச்சிட்ட புத்தகம். நம் ஜமாஅத்தின் குடும்பப் பதிவேடு மாதிரி ஒன்று. ‘முகநூல்’ என்று தமிழில் சொன்னது அச்சு அசலான மொழிபெயர்ப்பு. 2004 பிப்ரவரியில் அந்தப் பெயரில் தொடங்கியபோது அது செய்ததும் அந்த வேலைதான். நிறுவனத்தின் பெயர் 2021 அக்டோபரில் ‘மெட்டா’ ஆனது. கிரேக்கத்தில் ‘அப்பால்’ என்று பொருள். எதற்கு அப்பால் என்று மட்டும் இன்றுவரை தெளிவாகவில்லை.

வாட்ஸ்அப், ‘என்ன சேதி?’ என்று கேட்கும் ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒரு சிலேடை. உக்ரைனில் பிறந்த ஜான் கூம் 2009-ல் தொடங்கியபோது அது செய்தி அனுப்பும் செயலிகூட அல்ல. ஃபோனில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் ‘வேலையில் இருக்கிறேன்’, ‘பேச முடியாது’ என்று நிலையைக் காட்டுவதுதான் அதன் வேலை. விளம்பரமே வேண்டாம் என்ற கொள்கையுடன் வந்தவர்கள், 2014-ல் 1,900 கோடி டாலருக்கு விளம்பரத்தில் வாழும் நிறுவனத்துக்கு அதை விற்றார்கள். இன்ஸ்டகிராம் என்பது உடனடிக் கேமராவும் தந்தியும் சேர்ந்த பெயர். அந்தக் காலத்துத் தந்தி எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போனது. இந்தத் தந்தி அடுத்த தெருவுக்குக்கூடப் போகாது.

கூகுளின் கதை பலருக்குத் தெரியும். ஒன்றுக்குப் பின் நூறு பூஜ்யங்கள் வரும் எண்ணுக்கு, கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் சகோதரி மகன், ஒன்பது வயதுப் பையன் வைத்த பெயர் ‘கூகோல்’. 1997-ல் இணைய முகவரி பதிவு செய்தபோது எழுத்து மாறிக் ‘கூகுள்’ ஆனது. ஒரு சின்னப் பையன் விளையாட்டாக உளறிய சொல் இன்று உலகத்தின் வினைச்சொல். ட்விட்டர் பறவைகளின் கீச்சொலி. தமிழில் ‘கீச்சு’ என்று அழகாகவே சொல்லிவந்தோம். 2023 ஜூலையில் குருவியைப் பறக்கவிட்டு ‘எக்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். இனி அதில் எழுதுவதை எப்படிச் சொல்வது? ‘எக்ஸினார்’ என்றா?

நமக்கு மிகவும் பிடித்தது யாஹூதான். பி.ஏ. பாடத்தில் ஜோனதன் ஸ்விஃப்டின் ‘கல்லிவரின் பயணங்கள்’ இருந்தது. 1726-ல் வந்த நாவல். அதன் கடைசிப் பயணத்தில் குதிரைகள் அறிவுடன் ஆட்சி செய்யும். மனித உருவில் இருக்கும் அருவருப்பான மிருகங்களுக்குப் பெயர் யாஹூ. மண்ணைத் தோண்டிப் பளபளப்பான கற்களை எடுத்து, அவற்றுக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களை முரடர்கள் என்று கேலி செய்துகொண்டு அந்தப் பெயரை எடுத்தார்கள். மற்ற நிறுவனங்கள் நண்பர், தந்தி, பறவை என்று அழகான பெயர்களை வைத்துக்கொண்டு கற்களுக்கு அடித்துக்கொள்ள, யாஹூ மட்டும் பைப்ஸ் என்ற உருப்படியான ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்தங்கிப் போனது!

சீனாவின் அலிபாபாவுக்கு ஜாக் மா அந்தப் பெயரை வைக்கும் முன், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காபிக் கடையில் பணிப்பெண்ணிடம் “அலிபாபா தெரியுமா?” என்று கேட்டாராம். குகைக் கதவைத் திறக்கும் மந்திரம்தான் அவர் சொன்ன பதில். நம் ஊரில் கேட்டிருந்தால் “திறந்திடு சீசேம்” என்று குழந்தைகூடச் சொல்லியிருக்கும். அப்படித் திறப்பின் பெயரால் வளர்ந்த அலிபாபாவின் கடையான தாவ்பாவ், போட்டி நிறுவனத்தின் வீசாட் செயலிக்குள் பல ஆண்டுகள் திறக்கவே இல்லை. 2021 செப்டம்பரில் சீன அமைச்சகம் அதட்டிய பிறகுதான் நிறுவனங்கள் ஒருவர் இணைப்பை ஒருவர் அனுமதிக்கத் தொடங்கினர்.

பெயருக்கேற்ப நடக்கும் ஒன்றும் இருக்கிறது. புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாக்கிய ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயர். இன்டெல்லைச் சேர்ந்த ஜிம் கார்டாக் தற்காலிகமாகச் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது. எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-ல் சேர்ந்து இதைப் பொதுவாக்கின. அதனால்தான் ஒரு கம்பெனி ஃபோனிலிருந்து இன்னொரு கம்பெனி ஒலிபெருக்கியில் பயான் கேட்க முடிகிறது. தனி முதலாளி இல்லாததால்தான் இது நடந்தது.

தங்கை மகனுக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்த கணக்குமுறைக்கு அல்காரிதம் என்று பெயர். அது ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து வந்தது. இந்திய எண்முறையை விளக்கிய அவருடைய நூல் வழியாகவே அந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போனது. இதை நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அவர் எழுதியது வாரிசுரிமைப் பங்கீட்டுக்கும் உதவும் கணக்கு, யாரும் சரிபார்க்கக்கூடியது. அவருடைய இன்னொரு நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லுக்கு முறிந்ததைச் சேர்த்துக் கட்டுவது என்றும் பொருள். ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரையே அல்ஜெப்ரிஸ்தா என்றார்கள். இன்றைய ஓடைகளை வரிசைப்படுத்தும் கணக்கோ நிறுவனத்தின் ரகசியம். ஒரு செய்தி முதலில் வந்ததற்கும் இன்னொன்று வராமல் போனதற்கும் காரணம் கேட்டுப் பெற வழியில்லை. அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு பெயராகச் சோதித்துப் பார்த்த மரபில் ஓதிய நமக்கு இது ஒப்பவே இல்லை.

ஒரு ஜனாஸாவோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. 2023 ஆகஸ்டில் கனடாவில் என்ன நடந்தது? செய்தி நிறுவனங்களுக்கு இணைய நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் வந்ததும், அங்குள்ளவர்களுக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தித் தளங்களின் இணைப்புகளையே மெட்டா அடைத்தது. அதே மாதம் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டபோதும் தடை விலகவில்லை. வெளிநாட்டுச் செய்தித் தளங்களுக்கும் இதே கதிதான் என்பதால், டொராண்டோவில் இருக்கும் நம் தமிழ் மக்களும் ஊர்ச் செய்தித் தளத்தைத் தேடித் திறந்தால்தான் உண்டு. இங்கே, 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, பல ஆண்டுகள் உழைத்து லட்சக்கணக்கானோரைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். தன் வாசகர்களை வேறு இடத்துக்குக் கூட்டிச் செல்ல அவர்களுக்கு வழி இருந்திருக்க வேண்டும்.

சிறுபான்மைச் சமூகத்தின் சிறிய தளங்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. பெரிய ஊடகங்கள் நம்மைப் பற்றிச் சொல்லாததையும் திரித்துச் சொல்வதையும் எடுத்துச் சொல்லத்தான் இத்தகைய தளங்கள் வந்தன. 2018 ஜனவரியில், செய்தித் தளங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளை அதிகம் காட்டப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. யாருடைய கூரையின் கீழ் கடை போட்டிருக்கிறோம் என்று நம்மில் எத்தனை பேர் அன்று யோசித்தோம்?

ஐரோப்பா மட்டும் கொஞ்சம் முதுகெலும்போடு நடந்துகொள்கிறது. அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அதன் விளைவாகத்தான் வேறு செயலியில் இருப்பவரோடும் வாட்ஸ்அப்பிலிருந்து பேசும் வசதி ஐரோப்பியர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. மாஸ்டடான் போன்ற வலையமைப்புகள் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறையை மெட்டாவின் திரெட்ஸும் ஓரளவு ஏற்றிருக்கிறது. நம் நாட்டில்? பயனாளர் தன் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைக் காணோம். நாடாளுமன்றத்தில் அதற்காக ஒரு பெரிய சத்தம்கூட எழவில்லை. வாட்ஸ்அப்பின் தரவுப் பகிர்வு விவகாரத்தில் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது நல்லதுதான். ஆனால் அபராதம் கதவைத் திறக்காது.

ஓடை இன்னும் முழுதாக வற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்காஸ்ட் என்று நாம் கேட்பவற்றில் பல இன்றும் ஆர்.எஸ்.எஸ். வழியாகவே வருகின்றன. வேர்ட்பிரஸ்ஸில் நடக்கும் பெரும்பாலான தளங்களுக்கு, முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் ஓடை வந்துவிடும். அதைப் படிக்கும் இலவசச் செயலிகள் பல உள்ளன.

தங்கை மகனின் ஃபோனில் அப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். அவர் வழக்கமாகப் படிக்கும் ஆறு தளங்களைச் சேர்த்தோம். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, “ஹஜ்ரத், எல்லாம் படிச்சிட்டேன், அதுக்கப்புறம் ஒண்ணும் வரலையே, கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். கெட்டுப் போகவில்லை, அது அப்படித்தான் என்றோம். ஏழாவதாக அவர் கேட்டது நம் பள்ளிவாசலின் ஓடை. ஜமாஅத்துக்கு ஊடகப் பக்கம் உண்டு, சொந்தமாக ஒரு தளம் இல்லை. வருகிற ஜுமுஆவுக்குப் பிறகு நிர்வாகக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று முத்தவல்லி சொல்லியிருக்கிறார். அதுவரை மவுத்துச் செய்தி என்றால் வெளியூர் உறவினர்களுக்கு ஃபோன் செய்தே சொல்லிவிடும்படி முஅத்தினிடம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.